பித்தளை ஸ்டவ்வுக்கு ஒரு விலை

இல்லீங்க தம்பி, அந்தத் தராச உள்ள எடுத்து வெச்சிடுங்க. எடைக்குப் போடறதுன்னா எங்க ஊரு பழைய சாமான்காரன்கிட்டயே போட்டுட்டுப் போயிருப்பேனே. இம்மாம் பெரிய சாமான இடுப்புல வெச்சினு, செங்கம் ரோட்ல வெள்ளக்காரங்களுக்குப் பழைய காலத்துப் பொருளு விக்கற உங்க கட வரைக்கும் இன்னாத்துக்கு வரணும்? பித்தள கிலோ இன்னா வெலன்னு எனக்குத் தெரியும். இந்த ஸ்டவ்வு இன்னா பெறும்? அத சொல்லுங்க.

இருங்க, கோணிய நானே பிரிக்கறேன். நீங்க இழுத்தா முடிச்சு ஏறிக்கும். மெதுவா. தோ, பாருங்க.

இன்னா, கண்ணாடிய எடுத்து மாட்டிக்கறீங்க? நெனச்சேன். கோணிக்குள்ள ஏதோ ஓட்டச் சொம்பு இருக்குதுன்னு தான நெனச்சீங்க? நல்லா வெளிச்சத்துல வெச்சிப் பாருங்க. அவசரமில்ல. எங்க ஊரு அடி அண்ணாமல. மல சுத்தற வழியிலயே நடந்து வந்தேன், அப்டியே நடந்து போயிடுவேன். அங்க வந்து கன்னியம்மா இட்லிக் கடன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. கடன்னா இன்னா கட, நாலு கீத்து, ரெண்டு பெஞ்சு. பௌர்ணமிக்குத் தான் யாவாரம். மத்த நாளு ஈ ஓட்றது தான்.

அடியில ஏதோ வெட்டியிருக்குதே, அது இங்கிலீஷுங்களா? சுவீடனா? அது எங்க இருக்குது, லண்டன் பக்கமா? அப்டியா. எங்க நைனாவுக்கே தெரியாது அது. சீம ஸ்டவ்வுன்னு தான் சொல்லும்.

நைனா வெள்ளக்காரன் காலத்துல ரயிலு வேலைக்கு வந்த ஒரு தொரை கிட்ட சமையலுக்கு இருந்திச்சி. மண்ணாங்கட்டின்னு பேரு. அந்தத் தொரைக்கு அந்தப் பேரு வாயில நொழையாதாம், மேனின்னு கூப்பிடுவானாம். அவன் ஊருக்குக் கப்பல் ஏறறப்ப, மேனி, நீ எடுத்துக்கோன்னு இதக் குடுத்துட்டுப் போனான். நைனா செத்த அப்பால எங்கண்ணனுங்க ரெண்டு பேரும் நெலத்தப் பாதி பாதி பிரிச்சிக்கினானுங்க. கெணத்தக் கூட பாதி பிரிச்சானுங்க, நெஜமாத் தான். எனக்கு இது. பொட்டப்புள்ளைக்கு அடுப்பு போதும்னு சொல்லி சிரிச்சானுங்க. நான் கோவிச்சிக்கல. இத வெச்சித் தான் கட போட்டேன், இத வெச்சித் தான் புள்ளைய வளத்தேன். அவனுங்க நெலம் ரெண்டும் இன்னிக்கி அடுத்தவன் கையில இருக்குது.

பாத்தீங்களா? ஒட்டு எங்கனா விட்டிருக்குதா? ஈயம் வெச்சி அடச்ச மாதிரி எங்கனா? வெரல வெச்சி சுத்திப் பாருங்க. டேங்க் எங்கனா உப்பியிருக்குதா, நசுங்கியிருக்குதா? நீங்க உங்க வாயால சொல்லுங்க, நான் சொன்னா என் பொருளு, நான் நல்லாத் தான சொல்லுவேன்.

ஆங். அது. அத இன்னொரு தபா சொல்லுங்க. முழுசா இருக்குது. தொரை குடுத்தப்ப எப்டி இருந்திச்சோ அப்டியே. சரிங்க.

சிரிக்கறேனா? இல்லீங்க. மூஞ்சி அப்டி போச்சு. நீங்க பாருங்க.

கன்னாப்பின்னான்னு தேச்சி வெளுக்க வெக்கல, சாம்பல் போட்டுத் தான் தொலக்குவோம், அதனால தான் அந்த நெறம். புளி போட்டா பித்தள கறுக்கும்னு எங்க நைனா விடாது. பர்னரு பழைய பர்னரு தான், மாத்தல. காத்து தொறக்கற திருகு கூட அதே தான். இப்ப கடையில விக்கறாங்களே தகர ஸ்டவ்வு, ஒரு தீபாவளி தாண்டாது. இது ஒரு நாளு என் கைய சுட்டதில்ல தம்பி. இட்லிக் கொப்பர இம்மாம் பெருசு, அத ஏத்தி எறக்கி எத்தினி பௌர்ணமி. ஓன்னு எரியும். நீலமா. என் பொண்ணு கண்ண மூடினு பத்த வெப்பா. பாவாட கட்டற வயசுலயே அவ தான் எனக்கு முன்னால எழுந்து பத்த வெப்பா. காத்து எம்மா அடிக்கணும், எப்ப நிறுத்தணும்னு அந்த சத்தத்துலயே அவளுக்குத் தெரியும். அம்மா, மூச்சு முட்டுது அதுக்குன்னு சொல்லி திருகத் தொறந்து விடுவா.

அந்தப் பேரா? ஆமா, அவ பேரு தான். த. சந்திரகலா. தானாவுக்கு தசரதன், எங்க வூட்டுக்காரரு. கல்யாணத்துக்கு சீர் குடுக்கறப்ப எல்லாத்துலயும் பேரு வெட்டித் தான குடுப்பாங்க. தேர்முட்டிகிட்ட பாத்திரக் கடையில உக்காந்து வெட்டுவான் ஒரு ஆளு. அண்டா, கொடம், தவலன்னு வரிசையா வெட்டினு வந்தவன் இதப் பாத்துட்டு, யக்கா இது பழசாச்சே, இதுக்கும் வெட்டணுமான்னான். வெட்டுன்னேன். அது தான்யா என் சொத்துன்னேன்.

ஐயய்யோ, வேணாம். ராவாதீங்க. பேரு இருந்தா வெள்ளக்காரன் வாங்க மாட்டானா? வெல கம்மியாவுமா? ஆவட்டும். பேரோட இன்னா வெலயோ அதச் சொல்லுங்க. இந்தப் பேரு மேல அரம் பட்டிச்சின்னா எனக்கு அப்பால இந்த ஸ்டவ்வே வேணாம்.

தொடைக்கவும் வேணாம். நீங்க உங்க முறைக்கு பளபளன்னு பண்ணுவீங்க, தெரியும், அந்த வெளக்கெல்லாம் பாத்தேனே. என்னுத கை வெக்காதீங்க. அந்தம்மாகிட்ட சொல்லுங்க, அந்த வெள்ளக்காரம்மா, அது வந்ததுலேர்ந்து இத உத்து உத்துப் பாக்குது, இப்பத் தொடப் போவுது. நல்ல சிரிப்பு அதுக்கு. ஆனா தொட வேணாம்னு சொல்லுங்க. விக்கறதுக்கு இல்லன்னு சொல்லுங்க.

கோவிச்சிக்காதீங்க. விக்காதவ எதுக்கு வெல கேட்டு வந்தன்னு கேக்கறீங்க, ஞாயம் தான. உங்க பொழப்பக் கெடுக்க வரல. எனக்கு ஒரு வார்த்த எழுதி வேணும். உங்க கட பேரு போட்ட தாள்ல. இது பழைய காலத்து ஸ்டவ்வு, நல்ல நெலமையில இருக்குது, எங்கயும் ஒடையல, இன்ன வெல பெறும்னு. கீழ உங்க கையெழுத்து, முத்திர. அவ்ளோ தான். அதுக்குக் கூலி இன்னான்னாலும் குடுக்கறேன். இல்ல, இந்த சோலி முடிஞ்சதும் ஸ்டவ்வையே உங்களுக்குக் குடுத்துடறேன், போதுமா. அப்பால எனக்கு இன்னாத்துக்கு இது.

ஏன்னா ஊர்ல பேசறாங்க தம்பி. கன்னியம்மா பொண்ணுக்குப் பழைய குப்பைய சீரா குடுத்தான்னு. பண்டம் வாங்க வக்கில்லாம ஒடஞ்சத பாலிஷ் போட்டுக் குடுத்தான்னு. என் கடைக்கு வந்து என் இட்லியத் தின்னுட்டு அந்தாண்ட போய் அதே வாயால பேசறாங்க. எங்க வூட்டுக்காரரு, எந்நேரமும் என்கிட்ட வாயாடினு இருக்கற மனுஷன், இப்ப என் மூஞ்சியப் பாக்கறதில்ல. சோறு வெச்சா செவுத்துப் பக்கம் திரும்பிகினு துன்றாரு. எனக்கு அது தான் தாங்கல. ஊரு கெடக்குது. அதனால இது குப்பையா நல்ல சாமானான்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தரு எழுதித் தரணும். நாளைக்குக் காலையில ஆபீஸ்ல அதக் குடுக்கணும்.

எந்த ஆபீஸா? சொல்றேன், இருங்க.

ரிப்பேர்க்காரன்கிட்ட போவாமலா உங்ககிட்ட வந்தேன்? பஸ் ஸ்டாண்டுகிட்ட இராமலிங்கம்னு ஒருத்தரு, ஸ்டவ்வு ரிப்பேரு அவரு தான். நல்ல மனுஷன், எனக்கு வாஷரு போட்டுக் குடுக்கறதே அவரு தான். நேத்து எடுத்துனு போனேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு. யக்கா, இது தங்கம்னாரு. சரி, அத எழுதிக் குடுன்னேன். அப்பத் தான் அந்தப் பேரப் படிச்சாரு. கீழ வெச்சிட்டாரு. ஒரு டீ சாப்ட்டு வந்துடறேன் யக்கான்னு எழுந்து போனாரு. நான் குந்திகினே இருந்தேன். வரல. பக்கத்துக் கட ஆளு தான் சொன்னான், யம்மா, அவரு வர மாட்டாரு, அந்தக் கட யாரோட எடம்னு உனக்குத் தெரியாதான்னு. இருசப்பன் எடமாம். மல்லாட்ட மண்டி இருசப்பன், வேர்க்கடல யாவாரி. என் சம்மந்தி.

நீங்க பாண்டிச்சேரி ஆளுன்னு சொன்னாங்க. உங்களுக்கு இங்க மாமன் மச்சான் யாரும் இல்ல. இந்த எடமும் ஆசிரமத்துக்கு வர்ற யாரோ வடக்கத்தியாருதுன்னு விசாரிச்சினு தான் வந்தேன். உங்கள எழுந்து டீக்குப் போவ வெக்க யாராலயும் முடியாது. அதான்.

இன்னா பாக்கறீங்க பர்னருக்குள்ள? ஆமா, அது குளவிக் கூடு. மண்ணு. நானும் பாத்தேன். தட்டாதீங்க! ஊதவும் வேணாம். அப்டியே இருக்கட்டும்னு தான் நான் சாம்பல் கூட போடல. ரெண்டு கூடு இருக்குது பாருங்க, ஒன்னு மேல ஒன்னு, ஒன்னு நல்லா காஞ்சி வெளுத்துப் போச்சு. பத்த வெச்சி ரொம்ப நாளாச்சின்னு சொல்றீங்களா? வருஷத்துக்கு மேலயா? உங்களுக்கு எப்டித் தெரியும்? சரி, சரி. வாஷரும் காஞ்சி சுருங்கியிருக்குதா. அதையும் எழுதிடுங்க தம்பி. பர்னர்ல குளவி கூடு கட்டியிருக்குது, வருஷக்கணக்கா பத்த வெக்கலன்னு.

வெல கம்மியாவும்னு நீங்க எனக்காக யோசன பண்றீங்க. நல்ல மனசு உங்களுக்கு. கம்மியாவட்டும்.

எடுங்க, தாள எடுங்க. நீங்க எழுதிகினே இருங்க, நான் சொல்லிகினே இருக்கறேன்.

கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு ஊரு. மண்டி வெச்சிருக்கறவன், மாடி வூடு, நம்மள மாதிரி கீத்துக் கொட்டாய்க்காரி வூட்ல பொண்ணு எடுக்கறான்னா கண்ண மூடினு குடுத்தோம். பொண்ணு லட்சணமா இருப்பா. அதுக்காகத் தான் வந்தாங்க. வந்த அப்பால தான் டிவி பொட்டி இல்லயா, ஸ்கூட்டரு இல்லயான்னு ஆரம்பிச்சது. அவ சொல்ல மாட்டா. ஆடிக்கு வந்தப்ப தலைக்கு எண்ண தேச்சி விட்டேன், முதுகத் தொட்டதும் சுருங்கினா. இன்னாடின்னேன். சுளுக்குன்னா.

நான் ஒரு தபா போனப்ப கேட்டேன், ஸ்டவ்வு எங்கடி, இன்னும் வெறகு ஊதிகினு கெடக்கற, கண்ணெல்லாம் செவந்து போச்சின்னு. அவ மாமியாக்காரி தான் பதில் சொன்னா. அவ பேரு தங்கம்மா. எல்லாம் பரண் மேல இருக்குது சம்மந்தி, ரேஷன்ல ஊத்தற கிருஷ்ணாயிலு வெளக்குக்கே பத்தல, ஸ்டவ்வுக்கு எங்க போறதுன்னா. சரி, அவங்க வூட்டு வழக்கம்னு வந்துட்டேன்.

எழுதுங்க, நிறுத்தாதீங்க.

போன மாசம் ஒரு ஆளு சைக்கிள்ல வந்து சொன்னான். நான் கடையில மாவு ஆட்டினு இருந்தேன். உம் பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரியில வெச்சிருக்கறாங்கன்னு. போய்ப் பாத்தா வாழ எலையில போட்டிருந்தாங்க. மூஞ்சி மட்டும் கொஞ்சம் தெரிஞ்சிது. பேச முடியல. நான் யம்மான்னேன், அவ கண்ணு மட்டும் என்ன சுத்தி சுத்தி வந்திச்சி. பொழுது எறங்கறதுக்குள்ள முடிஞ்சி போச்சு.

தங்கம்மா தான் எல்லாரும் கேக்க சொல்லி அழுதா. அம்மா வூட்ல குடுத்த பழைய ஸ்டவ்வு, வெச்சிக்காதடி வெச்சிக்காதடின்னேன், கேக்காம காப்பி வெக்கறேன்னு பத்த வெச்சா, வெடிச்சிடுச்சின்னு. போலீஸ்லயும் அப்டியே தான் எழுதினாங்க. எங்க வூட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாது. கையப் புடிச்சி மையில தொட்டு கைநாட்டு வாங்கிக்கினாங்க. எங்க பொருளு தான் வெடிச்சது, எங்களுக்கு யாரு மேலயும் சந்தேகமில்லன்னு. அந்த ஸ்டவ்வு எங்கன்னு ஒருத்தரும் கேக்கல தம்பி. ஒருத்தரும். நானே கேக்கல. நானும் நம்பினேன். என் கையால நான் குடுத்தது என் புள்ளையக் கொன்னுடுச்சின்னு மண்டைய மண்டைய மோதிகினேன்.

காரியம் முடிஞ்ச மூனாம் நாளு ஒரு மாட்டு வண்டி வந்து நின்னுச்சி எங்க வாசல்ல. சீர் சாமான் திருப்பிக் கொண்டாந்தாங்க. அது மொற தான், புள்ள இல்லாம போயிட்டா பொறந்த வூட்டு சீரத் திருப்பிடறது. அதுலயும் அவங்களுக்கு அவசரம். பையனுக்கு வேற எடத்துல பாத்தாச்சு, செத்தவ பேரு வெட்டின சாமான் ஒன்னு கூட வூட்ல இருக்கக் கூடாது, இருந்தா எங்க பொண்ணு படி ஏறாதுன்னு அந்தப் பக்கம் சொல்லிட்டாங்களாம். அதனால மாப்ளயோட தம்பி, சின்னவன் ராஜேந்திரன், பரண் மேல ஏறி, அவ பேரு இருக்கறது எது எதுன்னு பாத்துப் பாத்து எறக்கியிருக்கறான். அவனுக்கு அன்னிக்கி நடந்தது எவ்ளோ தெரியுமோ, தெரியாதோ. ஒரு கரண்டி கூட கொறையல அத்தன்னு என்கிட்ட சொன்னான். நெஜம் தான். ஒரு கரண்டி கூட கொறையல. அந்த விசயத்துல நேர்மையான மனுஷங்க.

நான் ரெண்டு நாளு அத அவுக்கவே இல்ல. அப்பால மூட்டையப் பிரிச்சி அவ கொடத்த எடுத்தேன், தவலைய எடுத்தேன். அண்டாவுக்குள்ள கைய வுட்டா இது.

எங்க நைனா சொத்து எனக்கு வந்துச்சி, என் சொத்து அவளுக்குப் போச்சி. இப்ப அவ சொத்து எனக்கு வந்திருக்குது.

யாருகிட்டயும் சொல்லல. அவருகிட்ட கூட. சொன்னா அவரு அருவாள எடுத்துனு கெளம்பிடுவாரு, அப்பறம் அவரத் தேடினு நான் அலையணும். கல்யாணமாயி ஏழு வருஷத்துக்குள்ள பொண்ணு செத்தா ஆர்டிஓ, அதான் அந்த ரெவின்யூ ஆபீசரு, விசாரிக்கணுமாம். நாளைக்கு எங்களக் கூப்ட்டிருக்கறாங்க. அவங்களும் வருவாங்க, நெறையா பேரோட வருவாங்க. நான் வெறும் ஸ்டவ்வ மட்டும் தூக்கினு போனா, இட்லிக்காரி எங்கியோ வேற ஒன்ன வாங்கி பேரு வெட்டினு வந்துட்டான்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். அப்ப உங்க தாளு இருக்கும். குளவி பொய் சொல்லாதுன்னு அந்த ஆபீசருக்காவது தெரியாதா?

பாவி, பரண் மேல ஒரு வார்த்த கூட பேசாம குந்திகினு இருந்திருக்குது இது. கீழ சமையக்கட்டுல எம் புள்ள கத்தியிருக்கறா. அதுக்கு ஊத்த கிருஷ்ணாயிலு இல்லாத வூட்ல அவளுக்கு ஊத்த இருந்திச்சி பாருங்க.

இன்னா தம்பி, பேனாவ வெச்சிட்டீங்க? டீக்குப் போறீங்களா?

இல்லல்ல, குந்துங்க. அழாதீங்க, நான் அழுது தீத்துட்டேன், உங்களுக்கும் சேத்து. அவங்க தான் கொன்னாங்கன்னு உங்கள எழுதச் சொல்லல. அத நான் சொல்லிக்கறேன், எனக்கு வாய் இருக்குது. கோர்ட்டு கச்சேரின்னு உங்கள இழுக்க மாட்டேன்னும் சொல்ல முடியாது, பொய் எதுக்கு, இழுப்பாங்க. ஒரு கடக்காரரு பண்ற வேலைய மட்டும் பண்ணுங்க. உங்க கண்ணால பாத்தீங்க, கையால தடவிப் பாத்தீங்க. கீழ எடம் வுட்டிருக்கறீங்களே, அங்க வெலையப் போடுங்க. அது பத்து ரூவாயா இருந்தாலும் போடுங்க. வெடிச்ச ஸ்டவ்வுக்கு எந்த ஊர்லயாவது எவனாவது வெல போடுவானா?